உப்புப் படாத கார்

கூரியர் கடைக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. பார்சலை வாங்கியதும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பவர்கள், கையில் தூக்கி எடை பார்ப்பவர்கள், அனுப்பியவர் பெயரைப் படித்ததும் முகம் சுருங்குகிறவர்கள். நாக்கில் வைத்துப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

ஆள்காட்டி விரலால் அட்டைப்பெட்டியின் ஓரத்தை ஒரு இழு இழுப்பார். அந்த விரலை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடுவார். ஒன்று, "பரவால்ல" என்பார். இல்லையென்றால், "இருக்குது" என்பார். இருக்குது என்றால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சொல்லும் நாளில் பெட்டியை அங்கேயே பிரித்து, அட்டையை என் கடை வாசலில் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சாமானை மட்டும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போவார். குப்பையை நான்தான் கூட்ட வேண்டும். முதல் தடவை எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"சார், பார்சலை நக்கிப் பாக்குற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முன்னால ஒரு கண்ணாடிக் கதவு போடும்மா. கடல்காத்து நேரா உள்ள வருது பாரு. உன் கம்ப்யூட்டர் எத்தினி நாளைக்குத் தாங்கும்?" என்று எனக்கே யோசனை சொல்லிவிட்டுப் போனார். எரிச்சலாக இருந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் கம்ப்யூட்டர் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் கூரியர் கடை நடத்திய காலம் அது. எனக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது, ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருந்த உப்பை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு உப்புதான் சோறு. அப்படிப்பட்ட ஊரில், உப்புப் பாத்தியில் வேலை செய்தவருக்கே மகனாகப் பிறந்து, உப்பைக் கண்டு இப்படி நடுங்குகிற ஒரு மனிதரைப் பார்த்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜப்பான்காரர் என்றுதான் ஊரில் அவரைச் சொல்வார்கள். அவர் ஜப்பானைப் பார்த்ததே இல்லை. ஓமானில், கடல் கண்ணில் படாத பாலைவனத்து ஊர் ஒன்றில், ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்தவர். அங்கே இருந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருத்தர் வேலை முடிந்து கிளம்பும்போது, ஓட்டாமல் போட்டு வைத்திருந்த தன் பழைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெளிநாட்டிலிருந்து மொத்தமாகத் திரும்புகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள், வாசனைத் தைலம் கொண்டுவருவார்கள். இவர் கப்பலில் அந்தக் காரைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய மனைவி, "எனக்கு என்னா கொண்டாந்தீங்க?" என்று கேட்டதற்குக் காரைக் காட்டினாராம். இதை அந்த அக்காவே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

காரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கார் பைத்தியங்கள் என்னைத் தேடிப் பிடித்து, என்ன வருஷத்து மாடல், எத்தனை சிலிண்டர் என்று உயிரை எடுப்பார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் செய்த ரேஸ் கார் வகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. மூக்கு நீளம். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடிகள் கதவில் இருக்காது, முன்னால் பானட்டின் இரண்டு ஓரங்களிலும் நண்டுக் கண் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கரும்பச்சை நிறம். நான் முதலில் பார்த்தபோது அந்த நிறமும் இல்லை. பெயின்ட்டுக்கு முன்னால் பூசுகிற பட்டியை உடம்பெல்லாம் பூசி, அம்மை வார்த்த பிள்ளை மாதிரி நின்றது.

அவருக்கு அந்த உப்புப் பயம் எப்படி வந்தது என்றால், வந்த புதிதில் செய்த ஒரு காரியத்தால் வந்தது. வீடு உப்பளத்தைத் தாண்டிக் கடலோரமாக இருந்தது. பாத்திகளுக்கு நடுவே போகிற ஒரே மண் ரோடுதான் அதற்கு வழி. ஷெட் கட்டி முடிகிறவரைக்கும் வண்டி வெளியே நிற்க வேண்டும், மழை வந்துவிடப் போகிறதே என்று ஒரு தார்ப்பாயை வாங்கி, கயிறு போட்டு, ஈ புகாதபடி இறுக்கிக் கட்டிவிட்டார். பாலைவனத்தில் அப்படித்தான் கட்டுவார்களாம், மணல் போகாமல் இருக்க. இங்கே என்ன ஆயிற்று? உள்ளே போன கடல்காற்று வெளியே வர வழியில்லாமல் அங்கேயே வேர்த்து வேர்த்து வடிந்தது. ஷெட் முடிந்து தார்ப்பாயைப் பிரித்து, டிரைவர் சீட்டில் உட்காரக் காலை வைத்தார். கால் தரையைத் தொட்டது. தகடு அப்பளமாக நொறுங்கிவிட்டிருந்தது.

"அன்னிக்கு அவரு சாப்புடல. காத்தைப் பாத்துத் திட்டிக்கினே இருந்தாரு" என்று அந்த அக்கா சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு அவர் காற்றை நம்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் கேட்டால் ஆளை ஒரு மாதிரி என்பீர்கள். ஷெட்டின் கதவு இடுக்கில் எல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். நான்கு மூலையிலும் தட்டுகளில் சுட்ட சுண்ணாம்புக் கல்லை வைத்தார், ஈரத்தைக் குடிக்கட்டும் என்று. வண்டி கழுவ ஊர்த் தண்ணீர் ஆகாது; போர் தண்ணீரில் உப்பு, பஞ்சாயத்துத் தண்ணீரிலும் உப்பு. ஆகவே மொட்டை மாடியில் விழுகிற மழைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடித்து ஒரு கருப்புத் தொட்டியில் சேர்த்து, மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். வீட்டுச் சமையலுக்குக் கேன் தண்ணீர். ஒரு கோடையில் கேன் வண்டி வராமல், அந்தத் தொட்டியிலிருந்து ஒரு குடம் எடுத்து உலை வைத்துவிட்டார் அந்த அக்கா. அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்லி, ஷெட்டுக்குப் போய்விட்டாராம்.

"திட்டியிருந்தாகூடப் பரவால்லம்மா" என்றார் அக்கா. எனக்கு அப்போது அது புரியவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். குரல் உயர்த்திப் பேசமாட்டார், ஒருத்தரைக் குறை சொல்லமாட்டார். ஆனால் யாரையும் அருகில் விடமாட்டார். பக்கத்தில் நண்டு விற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். உப்பு வாருகிற காலத்தில் பாத்தி வேலைக்குப் போவாள், மற்ற நாளில் நண்டுக் கூடையோடு வருவாள். பாத்தியிலிருந்து நேராக வந்து, "அண்ணே, காரைக் காட்டுங்க" என்று ஆசையாக ஷெட் வாசலுக்கு வந்தவளை, "அங்கயே நில்லும்மா, அங்கயே நில்லு, கால்ல உப்பு" என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அவள் அங்கேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஷெட்டுக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, வருகிறவர்கள் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டே கழுவினார்கள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வாளி மட்டும் இருந்தது.

அவருக்கு ஜப்பானிலிருந்து சாமான் வந்துகொண்டே இருந்தது. கதவு ரப்பர், சின்னச் சின்னப் பித்தளை உருண்டைகள், விளக்குக் கண்ணாடி, பெயர் பொறித்த தகடு. எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஒருமுறை ஏதோ ஒரு கைப்பிடி வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, "இது அடுத்த வருசத்து வண்டிக்கு வர்ற பிடி" என்று திருப்பி அனுப்பச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது.

"சார், பிடிச்சித் தொறந்தா கதவு தொறக்குமா தொறக்காதா?"

"தொறக்கும்."

"அப்புறம் என்னா சார்?"

"அது வேற வண்டியோடதும்மா" என்றார், யாரோ வீட்டுப் பிள்ளையை நம் வீட்டில் வைத்திருக்கலாமா என்கிற தொனியில்.

அவருடைய வீட்டுக்கு நான் ஒரே ஒருமுறைதான் போனேன். பின்பக்கத்துப் பெரிய கண்ணாடி வந்திருந்தது. ஸ்கூட்டியில் கொண்டுபோக முடியாது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, பாத்திகளுக்கு நடுவே குதித்துக் குதித்துப் போனேன். போனால் வீட்டு வாசலில் மாதா கோயில் பங்குச் சாமியார் நிற்கிறார். அன்று காலையில்தான் அந்தக் காரின் இன்ஜின் முதல்முறையாக ஓடியதாம். சக்கரம் இன்னும் மாட்டவில்லை, கட்டையின் மேல் நின்றபடியே உறுமியதாம். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலுக்குப் போன் போட்டு, வண்டியை மந்திரிக்க வேண்டும் என்று ஃபாதரை வரவழைத்துவிட்டார். நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். எல்லாருக்கும் கேசரி கிண்டி வைத்திருந்தார்.

ஃபாதர் ஜெபம் சொல்லிவிட்டு, தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். இவர் நடுவில் வந்து நின்றார்.

"ஃபாதர், ஒரு நிமிசம். இதுல உப்புப் போட்டிருக்கீங்களா?"

ஃபாதருக்கு ஒன்றும் புரியவில்லை. "தீர்த்தத்துல உப்புப் போட்டு மந்திரிக்கிறதுதானப்பா வழக்கம். ஒரு சிட்டிகைதான்."

"அப்ப எம்மேல தெளிங்க ஃபாதர். அதுமேல வேணாம்."

நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஃபாதர் நல்ல மனிதர், நிலைமையைப் புரிந்துகொண்டு, "சரி, ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க" என்று அவர்கள் மேல் தெளித்துவிட்டு, காரைப் பார்த்து வெறுங்கையால் சிலுவை போட்டார். அக்கா அவர் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். தெளித்து முடித்ததும் இவர் செய்தது என்ன தெரியுமா? சட்டையில் விழுந்த துளிகள் காயட்டும் என்று ஷெட்டை விட்டுத் தள்ளிப் போய் வெயிலில் நின்றார். கேசரித் தட்டோடு அக்கா அவரைத் தேடினார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, பாண்டிச்சேரியில் இருக்கிற தன் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன், கூட இருந்து பார்க்க ஆள் வேண்டும் என்று கிளம்பிப் போனார் அவருடைய மனைவி. சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. முட்டி சரியாயிற்று, ஆபரேஷன் ஆனவர் நடந்தார், கடைக்குப் போனார், கோயிலுக்குப் போனார். இந்த அம்மா திரும்பி வரவில்லை. ஒருத்தர் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்பதே தெரியாமல் ஒருத்தர் போக முடியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் எனக்கு மட்டும் போன் வரும். "ஏம்மா, அவருக்குப் பார்சல் ஏதாவது வந்துதா?" என்று கேட்பார். வந்தது என்றால், "வாங்க அவரே வந்தாரா? எளைச்சிட்டாரா? சட்டை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தாரா?" பார்சலைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

"நீங்களே அவருக்குப் பேசலாமே அக்கா?"

"பேசறேனே. வாரத்துக்கு ஒருதரம் பேசறோம். துரு எங்க எங்க புடிச்சிருக்குதுன்னு சொல்லுவாரு."

ஒருநாள் அவர் கடைக்கு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. பெட்டியைத் தொட்டு நாக்கில் வைக்கக்கூட மறந்துவிட்டார். அவருடைய மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஊருக்கு வருகிறாளாம். திரும்பும்போது அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாகப் பேச்சாம். மொத்தமாக.

"அதுக்கா சார் சிரிக்கறீங்க?"

"இல்லம்மா. அவ நேத்து பேசனா. 'வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சின்னா, அதுலயே வந்து கூட்டிக்கினு போங்க. நான் எங்கயும் போகல, உங்ககூட வந்துடறேன்'னு சொன்னா. அவளுக்கு அந்தக் கார்ல ஏறணும்னு ஆசை. எனக்குத் தெரியும்."

அன்று சாயங்காலமே நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அப்படியா சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "பேச்சுக்குச் சொன்னேன்மா. ஆட்டோல வந்து கூப்புட்டாகூட வருவேன். நடந்து வந்து கூப்புட்டாகூட வருவேன். அவரு ஷெட்டை வுட்டு எனக்காகக் கெளம்பி வரணும், அவ்ளோதான்."

அடுத்தமுறை அவர் வந்தபோது இதை வரிக்கு வரி அவரிடம் சொன்னேன். ஆட்டோ போதுமாம் சார், நடந்து போனாலே போதுமாம் சார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு புன்னகைத்தார். "அவ அப்படித்தான்மா. ஆசை உள்ள இருக்கும், வெளிய காட்டிக்கமாட்டா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரப்பர் ஸ்டாம்பை மேசையில் ஓங்கிக் குத்தினேன்.

அதன் பிறகு வந்த பார்சல்கள் வேறு மாதிரி இருந்தன. ஒரிஜினல் ஒரிஜினல் என்று அடுத்த வருஷத்துக் கைப்பிடியையே திருப்பி அனுப்பிய மனிதர், எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தார். அவளுக்கு வெயில் ஆகாது, வண்டிக்கு ஏசி வேண்டும். அந்தக் காருக்கு ஏசியே கிடையாது. எங்கோ ஒரு சின்னக் காரின் கம்ப்ரசரை வாங்கி, அதை இன்ஜினோடு பொருத்த வானூரில் ஒரு லேத்தில் தாங்கி செய்துகொண்டார். ஏசி போட்டதும் இன்ஜின் சூடானது. புதிதாக அலுமினிய ரேடியேட்டர் வந்தது, கரண்டில் ஓடுகிற ஃபேன் வந்தது. ஃபேனுக்குப் பழைய டைனமோ போதவில்லை. அதற்கு ஒன்று வந்தது. பழைய சீட் பெல்ட் இடுப்பை மட்டும்தான் பிடிக்கும், அவளுக்கு ஆகாது என்று தோள் வழியாக வருகிற சீட் பெல்ட் வந்தது. பிரேக் சட்டென்று பிடித்தால் பயந்துவிடுவாள், அதனால் டிஸ்க் பிரேக். ஒன்றை மாற்றினால் இன்னொன்று காலை வாரும். ஒவ்வொரு பெட்டியை வாங்கும்போதும் அவள் அவள் என்றுதான் பேச்சு. அவர் வாயில் அவ்வளவு மனைவி பேச்சை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"பழைய காருக்கு ஏசியா சார்? ஜப்பான்காரன் கோச்சுக்கப் போறான்" என்று சீண்டினேன்.

"கோச்சுக்கட்டும்" என்றார். எனக்கு அவரை அன்றைக்குத்தான் பிடித்தது.

காரில் போய் மனைவியைக் கூட்டிவரப் போவதாக அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் வந்து பாண்டிச்சேரியில் இருந்தாள். அன்று ராத்திரி சென்னையில் விமானம். மதியத்துக்குமேல் வேன் வந்துவிடும், அதற்குள் இவர் போனால் அம்மா இவரோடு வருவார், போகாவிட்டால் மகளோடு போவார். இதில் மறைக்க ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரியும். கார் ஓடுகிறது என்பதும் தெரியும். முந்தின நாள் வீட்டு வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போனில் சொன்னார்.

பூசை முடிந்து ஜனங்கள் திரும்புகிற நேரத்தில் அக்காவின் போன். "அவரு போனை எடுக்கலம்மா. கெளம்பிட்டாரான்னு பாத்துச் சொல்றியா?"

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாத்தி ரோட்டில் பாதி தூரம் போனதும் விஷயம் தெரிந்துவிட்டது. பௌர்ணமி முடிந்து கடல் ஏறியிருந்தது. பாத்திகளுக்குக் கடல்தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய் பொங்கி, ரோடு பள்ளமாக இருக்கும் இடத்தில் குறுக்கே வந்துவிட்டது. பெரிய வெள்ளமொன்றும் இல்லை, கணுக்காலுக்குத்தான் தண்ணீர். பைக்குகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஆட்டோ சளசளவென்று கடந்தது. எதிரே, அவர் வீட்டுப் பக்கத்துக் கரையில், தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால், கார் நின்றது.

அதுவரை நான் அதை முழுசாகப் பார்த்ததில்லை. கரும்பச்சை. வெள்ளையும் சாம்பலுமாகக் கிடக்கிற அந்தப் பாத்திக்காட்டு நடுவில், மழையில் நனைந்த வாழையிலை மாதிரி அப்படி ஒரு பச்சை. சும்மா சொல்லக்கூடாது, அழகு. பக்கத்தில் அவர் நின்றார். வெள்ளைச் சட்டை, பேன்ட், ஷூ. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

தண்ணீரில் ஸ்கூட்டியை இறக்கி அவரிடம் போனேன். அவர் முதலில் என் சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"கெளம்புங்க சார். கணுக்கால் தண்ணி. மெதுவா விட்டா போயிடலாம்."

"சுத்தமான உப்புத்தண்ணிம்மா. அடியில பூரா ஏறிடும். உள்ள போயி ஒக்காந்துடுச்சின்னா எடுக்கவே முடியாது. கொஞ்ச நேரத்துல வடிஞ்சிடும்."

நண்டுக்காரப் பெண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள். விஷயத்தைக் கேட்டவுடன் கூடையை இறக்கினாள். "இதுக்கா நிக்கிறீங்கண்ணே? ஆளுங்களைக் கூப்புடறேன். போட்டையே தூக்கிக் கரையில வெக்கிறவங்க எங்காளுங்க. உங்க காரை அலாக்காத் தூக்கி அந்தாண்ட வெச்சிட மாட்டாங்களா? ஒரு சொட்டுத் தண்ணி படாது."

அவள் சொன்னது நடக்கக்கூடிய காரியம். பத்து வீடு தள்ளி ஆட்கள் இருந்தார்கள். கூப்பிட்டால் வந்திருப்பார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார்.

"வேணாம்மா. ஆளுங்க கையெல்லாம் படும். வடிஞ்சிடும், பாத்துக்கலாம்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "காரை இங்கயே வுடுங்க சார். எம் பின்னால உக்காருங்க. ஈசிஆர்ல பஸ் ஏத்தி விடறேன். மதியத்துக்குள்ள போயிடலாம். அவங்களுக்குக் கார் வேணாம் சார், நீங்க போனா போதும்."

"பஸ்லயா?" என்று கேட்டுவிட்டுக் காரைத் திரும்பிப் பார்த்தார். "வெறுங்கையோட போயி நின்னா அவ என்னா நெனைப்பா? இத்தினி வருசமா அந்த ஷெட்டுல என்னாதான் செஞ்சீங்கன்னு கேட்டா, நான் எதைக் காட்டுவேன்?"

அவருக்குப் பயமாக இருந்தது. உப்பைப் பார்த்து அல்ல. அந்த வீட்டு வாசலில் வெறும் ஆளாகப் போய் நிற்பதற்கு. அதை அப்போது அவர் முகத்தில் பார்த்தேன். எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது.

அப்போது என் போன் அடித்தது. அக்கா. நீங்களே பேசுங்கள் என்று நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வந்துக்கினே இருக்கேன்னு சொல்லு."

நான் தள்ளிப் போய் நின்று உள்ளதைச் சொன்னேன். கால்வாய்த் தண்ணீர் வந்துவிட்டது, அந்தப் பக்கம் நிற்கிறார் என்றேன்.

"தண்ணி எவ்ளோம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கணுக்கால் அளவுக்கா."

அந்தப் பக்கம் தூரத்தில் மகளின் குரல், பெட்டிக்குப் பூட்டு எங்கே என்று கேட்டது. அப்புறம் அக்கா கேட்டார்:

"கார் நனையலயே?"

"இல்லக்கா."

"நல்லது. பத்தரமாக் கொண்டுபோயி உள்ள வுடச் சொல்லு. வெயில்ல நிக்கப் போறாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தண்ணீர் அன்று வடியவில்லை. மறுநாள் வடிந்து, அதற்கு அடுத்த நாள் ரோடு காய்ந்தது. அன்று காலையில் கார் என் கடையைத் தாண்டிப் பாண்டிச்சேரிப் பக்கம் போனது. பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். கைதட்டினார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். அக்கா போய்விட்டது அவருக்குத் தெரியும். மகள் ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்து சொல்லியிருந்தாள். தெரிந்தும் போனார். எதற்குப் போனார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதியம் திரும்பி வந்து என் கடைமுன் நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். நான் வெளியே ஓடினேன்.

"வீடு பூட்டியிருந்திச்சு. அவ அக்காளும் கோயிலுக்குப் போயிட்டாங்க போல" என்றார். "அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து பாத்தாங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க."

"ஆமா சார், நல்லா இருக்குது."

"வழியில ஒரு சத்தம் இல்லம்மா. அப்படி ஓடுது." ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "அன்னிக்கு உங்கிட்ட பேசனாளே. எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

அந்த அக்கா பேசியதில் அவருக்குச் சொல்ல எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அதை அப்படியே சொன்னேன்.

"கார் நனையலயேன்னு கேட்டாங்க சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்!

"கேட்டாளா?" என்றார். "அப்படியா கேட்டா?"

"ஆமா சார்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல? அவளுக்கு இதுமேல ஆசைன்னு." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ரோட்டில் ஒரு உப்பு லாரி மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தது. அது கண்ணை விட்டு மறைகிறவரைக்கும் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். பிறகு மெதுவாக வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போனார்.